டிடெஸ்ட் சார்

கிராமர் சாருக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். தபால் துறையிலோ ரயில்வேயிலோ ஏஜி ஆபீசிலோ காலமெல்லாம் டிராஃப்ட் எழுதி, மேலதிகாரி கமா கமாவாக அடித்துத் திருத்தியதைப் பொறுத்துக்கொண்டு ரிட்டயர் ஆனவர். அன்று வாங்கியதை இன்று ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்.

நாமெல்லாம் ஒருவர் பேசினால் விஷயத்தைக் கேட்போம். அவர் வாக்கியத்தைக் கேட்பார். "டாக் இஸ் பைட்டிங் மீ சார்" என்று ரத்தம் சொட்ட நின்ற பால்காரப் பையனிடம், "இப்பவும் கடிச்சிட்டா இருக்கு? ஹாஸ் பிட்டன்னு சொல்லு" என்று திருத்திவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்க எழுந்தார்.

இப்படிப் பொதுவாகத் திருத்துவது பொழுதுபோக்கு. அவருடைய ஸ்பெஷல் வெறுப்பு. ஆங்கிலத்தில் யாராவது எதையாவது தப்பாக வெறுத்துவிட்டால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்.

நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவக்க வந்த பக்கத்து வீட்டு ஐடி பையன் ஒருநாள் மாட்டினான்.

"ஐ ஆம் ஹேட்டிங் மை மேனேஜர், சார்."

"தப்பு."

"இல்ல சார், நெஜமாவே மோசமான ஆளு."

"ஆளு எப்படியோ இருக்கட்டும்ப்பா. ஆம் ஹேட்டிங் தப்பு. ஹேட்டுங்கிறது மனசோட நிலை. செஞ்சிட்டிருக்கிற வேலை இல்ல. ஐ ஹேட்னு சொல்லிட்டு நிம்மதியா போய்த் தூங்கு."

பையன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தினமும் இட்லி சாப்பிடுகிறேன் என்றாலும், இதோ இப்போது சாப்பிடுகிறேன் என்றாலும் தமிழுக்கு ஒரே 'கிறேன்' போதும். ஆங்கிலக்காரன் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு செய்துவிட்டு, ஹேட், லவ், நோ, பிலாங் போன்ற சிலதுகளை மட்டும் 'இங்' பக்கம் அதிகம் அண்டவிடாமல் வைத்திருக்கிறான். நமக்கோ கையில் 'இங்' கிடைத்ததும் எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்க்க ஆசை.

பேரன் ஒருமுறை சட்டம் பேசினான். "மெக்டொனால்ட்ஸ்காரன் 2003-லேர்ந்து உலகம் பூரா 'ஐ ஆம் லவ்விங் இட்'னு போட்டிருக்கானே தாத்தா?"

"பன் விக்கிறவன்கிட்டயாடா இலக்கணம் கத்துக்கிறது?"

அதிலிருந்து பேரன் வாங்கிவரும் பர்கரை அவர் தொடுவதில்லை. ருசியில் குறையில்லையாம், உறையில் பிழையாம்.

ஹேட்டையாவது போனால் போகிறது என்று விடுவார். டிடெஸ்ட் வந்தால் விடமாட்டார். அதனால்தான் பிள்ளைகள் அவருக்கு டிடெஸ்ட் சார் என்று இன்னொரு பட்டமும் கட்டியிருக்கிறார்கள். ஹேட் தாராள மனசுக்காரன், பின்னால் 'டு' வந்தாலும் 'இங்' வந்தாலும் ஏற்றுக்கொள்வான். டிடெஸ்ட் கறார் பேர்வழி, ஐ டிடெஸ்ட் கெட்டிங் அப் எர்லி என்றுதான் சொல்ல வேண்டும், டு கெட் அப் என்றால் கதவைச் சாத்திவிடுவான் என்பார். 'ஐ வெரி ஹேட்' என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு, வெரி மச் என்று அதைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கச் சொல்லித் தருவார். 'ஐ வுட் ஹேட் டு டிஸ்டர்ப் யூ' என்பது மரியாதை வழக்கு. இதைப் போனில் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் டிஸ்டர்ப் செய்வார்.

அவருடைய வேதம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். காக்கி அட்டை போட்டு பூஜை அலமாரிக்கு அடுத்த தட்டில் இருக்கிறது. அந்த பி.சி. ரென்னே 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி ஒரு சாகச நாவல் எழுதி உலகப் புகழ் வாங்கினவர். சொன்னால் சாருக்குப் பிடிக்காது. இலக்கணம் எழுதினவர் கதை எழுதப் போவாரா என்பார். குலதெய்வம் சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்து, பிறகு வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று பெயரெடுத்தவர். "சாஸ்திரியார் காந்தி இங்கிலீஷையே திருத்தினார். உன் இங்கிலீஷை நான் விட்டுடுவேனா?" என்று சார் கேட்டால் யாருக்கும் பதில் வராது. அவர் மனைவிக்கு மட்டும் வரும். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போகாம, அதுக்கு இத்தனை சட்டமா?" என்று காபியை டொக்கென்று வைப்பார்.

உச்சம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது. கார் நிறுத்தும் இடத்துக்காக மூன்றாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் தகராறு. மூன்றாம் மாடி ஆவேசமாக, 'ஐ லோத் யுவர் பிஹேவியர்' என்று அனுப்பியது. ஆவேசத்தில் லோத்தின் கடைசி 'ஈ' விழுந்துவிட்டது. நள்ளிரவில் கிராமர் சார் நுழைந்தார். ஈ இருந்தால் அருவருக்கிறேன் என்று பொருள். ஈ இல்லாவிட்டால் அது வினையே அல்ல, மனமில்லாத என்று பொருள்படும் வெறும் அடைச்சொல். இரண்டில் எது என்று தெளிவுபடுத்தினால் சண்டையைத் தொடர வசதியாக இருக்கும் என்று எழுதினார். இரண்டு மாடியும் ஒன்று சேர்ந்து அவர்மேல் பாய்ந்தன. பார்க்கிங் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் மூன்றாம் மாடிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்று, "ஐ டிடெஸ்ட் பீயிங் கரெக்டட் பை யூ!" என்று கத்தினார்.

சார் முகம் மலர்ந்தது. "சபாஷ்! டு பீ கரெக்டட்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். பீயிங் கரெக்டட்! உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்."

வந்தவர் காபி குடித்துவிட்டுத்தான் போனார். திட்டுக்கு மார்க் போடுகிற மனிதரை எப்படித் திட்டுவது? சாருக்கு டிடெஸ்ட், லோத், அப்ஹார், டிஸ்பைஸ் நான்கும் மனப்பாடம். அப்ஹாருக்கு இறந்தகாலத்தில் இரண்டு ஆர் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த நான்கில் ஒன்றையாவது ஒரு மனுஷன்மேல் பிரயோகித்து நான் கேட்டதில்லை.

தெருவில் பலருக்கு அவர்மேல் கடுப்பு உண்டு. ஆனாலும் வேலை விண்ணப்பமோ விசாக் கடிதமோ அவர் சிவப்புப் பேனா படாமல் தெருமுனை தாண்டுவதில்லை. இதுவரை யாரிடமும் காசு வாங்கியதில்லை. உங்கள் தெருக்காரரிடமும் தாராளமாகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மட்டும் போக வேண்டாம். பாஸிவ் வாய்ஸ் ஆரம்பித்துவிட்டால் ராத்திரி சாப்பாடு அங்கேதான்.