ஐரோப்பியத் துறைமுகங்களில் கடற்காகமும் கைத்தின்பண்டமும்: ஒரு திணையியல் ஆய்வு

ஐரோப்பியத் துறைமுக நகரங்களுக்குப் போகிறவர்களுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் தேவாலயக் கோபுரத்தின் உயரத்தைச் சொல்கின்றன. அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று சொல்கின்றன. ஜேப்படிக்காரர்களைப் பற்றிக் கட்டம் கட்டியே எச்சரிக்கின்றன. ஆனால், காசு கொடுத்து வாங்கிய மீன் வறுவலைக் கையிலிருந்து வாய்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற ஆதாரக் கேள்வியை அவை தொடுவதே இல்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. களம், வடக்கே அபர்தீன் முதல் தென்கிழக்கே இஸ்தான்புல் வரை. ஆய்வுப்பொருள், கடற்காகம். துணைப்பொருள், உருளைக்கிழங்கு வறுவல்.

முதலில் திணை வகுத்துக்கொள்வோம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், செயின்ட் ஐவ்ஸ் துறைமுகச் சுவரோரம் ஒரு கோடைப் பிற்பகலில் நின்றால் இந்த இலக்கணம் எத்தனை துல்லியமானது என்பது விளங்கும். வெறும் கூம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இரங்கி நிற்கும் மாந்தர் அங்கே உண்டு. பிரிந்து போனது தலைவன் அல்ல, ஐஸ்கிரீம். புறத்திணையில் வைத்துப் பார்ப்பின் இது வெட்சி. அசந்த நேரத்தில் நிரை கவர்தல். கவர்ந்த நிரையை மீட்டுவரும் கரந்தைக்கு மட்டும் இங்கே இடமில்லை. மீட்கப் புறப்படுவதற்குள் நிரை செரிக்கத் தொடங்கியிருக்கும்.

கவர்வோர் இலக்கணம் வருமாறு. வடகடலோரங்களில் கோலோச்சுவது ஹெர்ரிங் கடற்காகம். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டரை நெருங்கும். மஞ்சள் அலகின் கீழ்நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. குஞ்சு அந்தப் பொட்டைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். இந்தச் சங்கதியை ஆராய்ந்தவர்களுள் தலையாயவரான நிக்கோ டின்பெர்கன், விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தெற்கே வெனிஸ், மார்சேய் பக்கம் போனால் மஞ்சள் கால் கொண்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள் பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள். கால் நிறந்தான் வேறு, கொள்கையில் மாற்றமில்லை.

கடற்காகத்தின் நடையைக் கவனிக்க வேண்டும். தட்டையான பாதங்களைப் பொத்பொத்தென்று வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துப் பெரியவர் போலப் பெஞ்சுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் உலாவும். உங்கள் பொட்டலத்தின் பக்கம் திரும்பவே திரும்பாது. கப்பல் கட்டும் கம்பத்தின் மேல் ஏறி நின்று அடிவானத்தை ஆராயும். அந்த வெளிர்மஞ்சள் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது என்பதை அந்நேரம் நாம் மறந்துவிடுகிறோம். பிறகு முதுகுப்புறமிருந்து தோளுக்கு மேலாக ஒரு காற்று. மரக்குச்சி முள்கரண்டி மட்டும் கையில் மிஞ்சும்.

அற்றேல், இது வெறும் பசி எனலாமோ எனின், எனலாகாது. இது கல்வி. பிரிஸ்டல் நகரக் கடற்காகங்கள் பள்ளி இடைவேளை நேரத்தை அறிந்து மைதானத்துக்கு வருகின்றன என்று அந்நகரப் பல்கலைக்கழகத்தார் 2020-ல் எழுதினர். அதே ஆண்டு எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்களை வைத்து, ஒன்றை மட்டும் மனிதர் கையால் எடுத்துக் காட்டினர். கொத்த வந்த 24 பறவைகளில் 19, மனிதக் கை பட்டதையே தேர்ந்தன. பிரைட்டன் கடற்கரையில் நடந்த சோதனை இன்னும் நுட்பமானது. எதிரே அமர்ந்திருப்பவர் பச்சைப் பொட்டலத்திலிருந்து சாப்பிட்டால் பச்சையை, நீலத்திலிருந்து சாப்பிட்டால் நீலத்தைக் கொத்தின. 2023-ல் வெளிவந்த அந்தக் கட்டுரைப்படி 95 விழுக்காடு கொத்தல்கள் சரியான நிறத்தின் மேல்தான் விழுந்தன. நாம் பறவையை ஆராய்கிறோம் என்பது ஒருதலைப்பட்சமான கூற்று என்பது இதனால் பெற்றாம்.

பாட்டியிடம் வடை திருடிய நம்மூர்க் காகத்தோடு இதனை ஒப்பிடுவோர் உளர். ஒப்பீடு பொருந்தாது. நம் காகம் வடையை வாயில் வைத்துக்கொண்டே பாடப் போய் நரியிடம் இழந்தது. கடற்காகம் முதலில் விழுங்கும், அப்புறந்தான் பாடும். அபர்தீனில் 2007-ல் ஒரு கடற்காகம் கடைக்காரர் அசந்த நேரம் பார்த்துக் கதவு வழியாக நடந்தே உள்ளே போய், டொரிட்டோஸ் பொட்டலம் ஒன்றைக் கவ்விக்கொண்டு நடந்தே வெளியே வருவதை வழக்கமாக்கிக்கொண்டது. பார்த்து ரசித்த வாடிக்கையாளர்கள் அதன் கணக்கைத் தீர்த்தார்கள் என்றும் செய்தி வந்தது. களவு புரவலர்களைப் பெற்றுத்தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனித் தற்காப்பு. கல்லெடுத்து எறியலாம் என்று எண்ணுவோர் அடங்குக. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பறவைக்குப் பாதுகாப்பு தருகிறது. வெனிஸில் பெருங்கால்வாயோர நட்சத்திர விடுதிகள் சில, வெளித்தளத்தில் உணவருந்தும் விருந்தினருக்கு ஆரஞ்சு நிறத் தண்ணீர்த் துப்பாக்கி கொடுத்ததாக 2022-ல் செய்தி வந்தது. அந்த நிறத்தைக் கண்டாலே பறவை ஒதுங்கிவிடுகிறதாம். கத்தி விரட்டலாமெனின், பெல்ஜியத்தின் டி பானே என்ற கடலோர ஊரில் கடற்காகம் போலக் கத்தும் ஐரோப்பியப் போட்டியே நடக்கிறது. 2024-ல் இளையோர் பிரிவில் வென்றவன் ஒன்பது வயது ஆங்கிலேயச் சிறுவன், அதுவும் கடலே இல்லாத மாவட்டத்துக்காரன். ஆனால் சாப்பிடும்போது கத்துவது எல்லாருக்கும் ஆகக்கூடியதல்ல.

எஞ்சியிருப்பது முறைத்தல். எக்ஸிடர் ஆய்வாளர்கள் 2019-ல் வறுவல் பையைத் தரையில் வைத்துப் பறவையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டும் சோதித்தார்கள். பார்த்தபோது சராசரியாக 21 நொடி கூடுதலாகத் தயங்கியது. துண்டுக்கு மூன்று நொடி என்று கொண்டால், ஒரு முறைப்புக்கு ஏழு துண்டு. அவர்கள் முயன்ற 74 பறவைகளில் பையை நெருங்கியவை 27 மட்டுமே என்பதையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். நாலு போக்கிரிகளுக்காக ஒரு குலத்தையே ஏசிவருகிறோம்.

புறனடையாக இரண்டு ஊர்கள். ஹாலந்தின் ஸ்கெவனிங்கனில், மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனை வாலில் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாயில் இறக்குவது மரபு. உண்பவர் பார்வை தானாகவே வானத்தில் இருப்பதால், பண்பாடும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்தன. இஸ்தான்புல்லில் வெட்சியே இல்லை. எமினோனுவிலிருந்து காடிக்கோய் போகும் படகில் பயணிகள் எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துத் தாமாகவே வீசுகிறார்கள், கப்பம் கட்டுவதுபோல. இங்கிலாந்தின் சில கடலோர ஊர்களில் இதையே செய்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே பயணிகளே, முதுகைச் சுவரோடு சாய்த்து உட்காருங்கள். குடை விரித்த மேசை கிடைத்தால் இன்னும் நல்லது. பொட்டலத்தை மடித்துப் பிடியுங்கள். எதிரே நிற்பவரின் கண்ணை விடாதீர்கள். அப்படியும் ஒரு துண்டு போய்விட்டால் எழுந்து துரத்த வேண்டாம். துரத்தினால் மீதிப் பொட்டலம் பெஞ்சில்தான் இருக்கும், அதற்காக இன்னொன்று கூரையில் காத்திருக்கிறது.