தவப் பூனையின் வாரிசுகள்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், பல்லவச் சிற்பி 7-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பூனையைக் கைதூக்கித் தவம் செய்ய வைத்துவிட்டான். சுற்றிலும் எலிகள், ஒன்று கும்பிடக்கூடச் செய்கிறது. போலிச் சாமியாருக்கான கிண்டல் என்பார்கள். இன்று அந்த வேடம் நமக்குத்தான் கச்சிதம். நெல் மூட்டையைக் காக்கப் பூனை வேண்டும். அது குட்டி போட்டால் மட்டும் கோணிப்பையில் கட்டி மீனவர் குப்பத்து ஓரம் இறக்கிவிட வேண்டும். ‘மீன் கழிவைத் தின்று பிழைத்துக்கொள்ளும்’ என்பது சமாதானம். பிழைக்கும்தான், இரண்டே மாதச் சினையில் பெருகவும் பெருகும். ‘கருத்தடைக்குச் செலவாகுமே!’ என்பது நியாயமான கவலை. ஆனால், பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். கோணிப்பை விலையைச் சேர்த்தாலும் மலிவுதான்.