பாடும் சிற்பம்

கேள்வி: ஒருவரே சிற்பியாகவும் சங்கீத கர்த்தாவாகவும் விளங்கியதுண்டா?

பதில்: உண்டு. 1915-இல் இத்தாலியில் ஜனித்து, 15-ஆம் பிராயத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் சேர்ந்த ஹாரி பெர்டோயா, 1952-இல் வெளிவந்த வைர வடிவக் கம்பி நாற்காலியால் கீர்த்தியும், சிற்பத்துக்கே தம்மை அர்ப்பணிக்கப் போதுமான திரவியமும் பெற்றார். இவ்வாறு உலகத்தாரை உட்கார வைத்துவிட்டுத் தாம் உட்காராத அம்மனிதர், தமது சிற்பங்களில் நாணற்புதர் போல் நெருங்கி நின்ற பெரிலியச் செம்புக் கோல்களைக் கையால் வருடி, அவை ஒன்றோடொன்று மோதி எழுப்பிய நாதத்தை, பென்சில்வேனியாவில் தமது பழைய தானியக் களஞ்சியத்திலேயே பதிவு செய்தார்; அப்பதிவுகள் 11 இசைத்தட்டுகளாக வெளிவந்தன. ராகமில்லை, தாளமில்லை, உலோகத்தின் சுயமான கார்வை மட்டுமே உண்டு. வாத்தியத்தைச் சிருஷ்டித்தவரே வித்துவானாகவும் அமர்வது அபூர்வ பாக்கியம். கிடைத்தால், கண்ணை மூடிக் கேளுங்கள்.