மீந்ததன் பணி நீட்டிப்பு

திண்டுக்கல்லை அடுத்த அகரம் போன்ற ஊர்களின் அடுக்களைகளில், ஆட்டிய மாவு முதல்நாள் இட்லியாகவும், மறுநாள் தோசையாகவும், புளிப்பேறியபின் வெங்காயத்தின் சிபாரிசோடு பணியாரமாகவும் பொறுப்பேற்பதும், மீந்த இட்லி உதிர்க்கப்பட்டு உப்புமாவாகப் பணி நீட்டிப்புப் பெறுவதும் எழுதப்படாத விதிகளாகும். சுண்டக்குழம்பு, அதாவது நீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை மீண்டும் மீண்டும் சூடேற்றப்பட்ட நேற்றைய குழம்பு, பணிமூப்பின் அடிப்படையிலேயே மதிக்கப்படுகிறது. இரவெல்லாம் நீரில் ஊறி, லாக்டிக் அமில நுண்ணுயிரிகளால் புளிக்கும் பழைய சோற்றின் நிலைதான் சிக்கலானது: விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கப்படும் அதனை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியினர் குடல்நோய்க்காக ஆராய, நகரத்து உணவகங்களோ மண்சட்டியில் ஊற்றி, மோர்மிளகாயைக் காவலுக்கு வைத்து விலைபேசுகின்றன. பரோட்டாக் கடைகள் இவ்வித்தையை முன்பே அறிந்தவை. மீந்த பரோட்டா, முட்டையும் சால்னாவும் சேர்த்துக் கல்லில் கொத்தப்படும்போது, கூடுதல் விலையோடு கூடுதல் ஓசையையும் பெற்றுவிடுகிறது.