நோயைத் தேர்ந்தெடுக்கும் முன்

தோல் நோய் வரத்தான் போகிறதென்றால், அம்மா, ஐயா, கொஞ்சம் யோசித்து நல்ல நோயாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழுக்கை நல்லது. நெற்றிச் சுருக்கம் அதைவிட நல்லது. இவற்றுக்காக ஆராய்ச்சிக்கூடங்களில் ராவும் பகலும் விளக்கு எரிகிறது. தப்பித்தவறித் தொழுநோய்ப் பக்கம் போய்விடாதீர்கள். அது பிழைக்கத் தெரியாதவர்களின் நோய்.

கிருமிக்கும் விவரம் போதாது. 1873இல் ஹான்சன் என்ற மருத்துவரின் கண்ணில் பட்டதிலிருந்து எந்த ஆய்வகத் தட்டிலும் வளர மறுக்கிறது. எலியின் பாதத்திலோ ஆர்மடில்லோவின் உடம்பிலோதான் வளர்க்க வேண்டும். ஒன்று இரண்டாகவே சுமார் இரண்டு வாரம். உடம்பில் புகுந்து தேமலாக வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது. நிதி கொடுப்பவரோ மூன்றாம் வருடமே அறிக்கை கேட்பார். அதற்குள் முடிவு காட்டத் துப்பில்லாத கிருமியை யார் சார் ஆதரிப்பார்கள்?

மருந்து இல்லாமல் இல்லை. டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. நோய் குணமாகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒன்றுகூடத் தொழுநோய்க்கென்று பிறந்ததில்லை. டாப்சோன் 1908இல் யாரோ செய்துவைத்த ரசாயனம். ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து. குளோஃபசிமினும் காசநோய்க்காகத் தேடியபோது கிடைத்ததுதான். அண்ணன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு.

காசுள்ள தோல் கூப்பிட்டால் மட்டும் அறிவியல் செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வரும். எஃப்லோர்னித்தின் என்றொரு மருந்து. ஆப்பிரிக்கத் தூக்க நோயில் சாகக் கிடந்தவர்களை எழுப்பி உட்காரவைத்த ஊசி. எழுந்து உட்கார்ந்தவர்களிடம் காசில்லை. 1990களின் நடுவில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதே மருந்து 2000இல் அமெரிக்காவில், பெண்களின் முகத்து ரோமத்தைக் குறைக்கும் கிரீமாக அனுமதி வாங்கி வந்தது. ஊர் காறித் துப்பிய பிறகுதான், 2001இல், ஊசியை ஆப்பிரிக்காவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். மேலுதட்டு ரோமத்துக்கு நன்றி.

நம் அரசு இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற கணக்குக்கும் கீழே வந்தாயிற்று, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் ஒழிந்தது என்று 2005 டிசம்பர் கணக்கை வைத்து அறிவித்தது. ஒழிந்த நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு, பணம் எதற்கு?

கிராமத்துத் திண்ணையில் ஒரு பெண்ணைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலில் பேனா முனையால் தொட்டு, "தெரியுதாம்மா?" என்கிறார் சுகாதாரப் பணியாளர். அவள் இன்னும் தொடுவதற்காகக் காத்திருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரருக்கு, கொதிக்கும் டம்ளர் விரலைச் சுட்டது கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. செத்த நரம்பை மீட்டுத் தர இன்றுவரை மருந்து கிடையாது. அதைத் தேட யாருக்கும் அவசரமும் கிடையாது. அந்த விரல் பர்ஸைத் திறக்காது.

இந்த ஒழிந்த நோய், இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகத்துப் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான். அதில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகள்.