துவாரம் எங்கே?

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணில் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்று கிடைத்தது. சாவி இருக்கிறது, சாவித் துவாரத்தைத்தான் காணோம்! உடைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள் தாயே! உங்கள் கையில் இருப்பது இரும்பில் போட்ட விடுகதை. அந்தக் காலக் கைவேலைப் பூட்டுகளில் துவாரத்தைத் தகட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பதுண்டு. முகப்பிலுள்ள குமிழ்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள், திருகுங்கள், பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வெறும் அலங்காரம் என்று நினைத்த ஏதோ ஒன்று அசையும். ஏதாவது கழன்று வந்தால் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த கட்டத்துக்கு அதுவே கருவியாக இருக்கலாம். துருவென்றால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள்.

உள்ளே லீவர் தகடுகள் இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். அந்தப் பற்களை அரம் கொண்டு கையால் ராவியிருக்கிறார் ஒரு தொழிலாளி. அதை உடைக்க எனக்கு மனம் வராது.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். உங்கள் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் அதே ஆண்டுதான். எதற்கும் அசையாவிட்டால் திண்டுக்கல்லுக்கே பஸ் ஏறுங்கள். வழியில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் வாயைத் திறந்துவிட்டால் பூட்டும் திறந்துவிடும்!