வெள்ளவத்தைக் கழுதை: கையைக் கழுவுதல் பற்றிய ஓர் ஆய்வு

ஈழத்தமிழரின் கடதாசி விளையாட்டு என்றால் அறிஞர் உலகம் உடனே முன்னூற்று நாலைத்தான் நினைக்கும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு இனத்துக்கும் கூட்டினால் 304. இப்படிக் கணக்கோடு பிறந்த ஆட்டத்துக்கு மரியாதை கிடைப்பதில் வியப்பில்லை. இந்தக் கட்டுரையோ அதே வீட்டில், அதே கட்டைக்கொண்டு, பெரியவர்கள் எழும்பிப் போனபிறகு ஆடப்படும் கழுதையைப் பற்றியது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 52 கடதாசியையும் பிரித்துப் போடவேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி இஸ்கோப்பன் ஆசு வைத்திருப்பவர் தொடங்குவார். இறங்கிய இனத்திலேயே எல்லோரும் இறக்கவேண்டும். இறக்கினால் அந்தச் சுற்று கவிழ்த்து ஒதுக்கப்படும், பெரியது போட்டவர் அடுத்ததைத் தொடங்குவார். ஒருவரிடம் அந்த இனம் இல்லையா, அவர் கையிலுள்ள வேறெதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும், அதுவரை பெரியது போட்டிருந்த அப்பாவி மேசையில் கிடப்பதையெல்லாம் அள்ளிக் கையில் சேர்க்கவேண்டும். கை வெறுமையானவர் தப்பினார். கடைசிவரை கடதாசியோடு இருப்பவர் கழுதை. இதில் வென்றவர் என்று ஒருவர் இல்லை, தோற்றவர் மட்டும்தான் உண்டு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க.

இனி சொல்லாராய்ச்சி. கழுவு என்ற வினையடியிலிருந்தே கழுதை பிறந்தது. கையைக் கழுவ முடியாதவர் கழுதை. இதை நான் அடித்துச் சொன்னபோது தமிழ் படிப்பிக்கும் என் மச்சாள் ஒன்றும் பேசாமல் எழும்பித் தேத்தண்ணி போடப் போனார். மறுப்பு இல்லாதபடியால் கருதுகோள் நிறுவப்பட்டதாகவே கொள்கிறேன்.

நாலு இனங்களின் பெயர்களுக்கு இவ்வளவு துணிச்சல் தேவையில்லை. ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1796இல் அதை ஆங்கிலேயரிடம் இறக்கிவிட்டுப் போனார்கள். 140 வருசம் கையில் வைத்திருந்த கோட்டை போய்விட்டது, நாலு சொல் மட்டும் மேசையில் தங்கிவிட்டது. அவர்களுடைய ஹார்டன்தான் எங்கள் ஆடுதன். ரவுட்டன் உருவிதன் ஆயிற்று, கிளாவர் கலாவரை ஆயிற்று. ஸ்கோப்பன் இஸ்கோப்பன் ஆயிற்று. அந்தச் சொல்லுக்கு அடியில் கிடப்பது மண் அள்ளும் சவள். உச்சரிப்பு வீட்டுக்கு வீடு மாறும், சண்டையும் வரும். சிங்கள வீடுகளில் இவை ஹாரத, ருவித்த, கலாபர, இஸ்கோப்ப. இந்த நாட்டில் இரு மொழிக்காரரும் ஒரு கமிசனும் வைக்காமல் ஒத்துப்போன நாலு சொற்கள் இவை. கடதாசி என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது என்பாரும் உண்டு. அவர்கள் மொழியில் கார்த்தா என்றால் கடிதமும் அதுதான், விளையாடும் சீட்டும் அதுதான்.

சட்டப் பகுதியை ஒரு வரியில் முடிக்கலாம். 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பந்தயப் பணத்தைத் தேடுவது. கழுதையில் வைக்கப்படுவது மானம் மட்டும்தான்.

கள ஆய்வு 2022 மார்ச் கடைசியில் நடந்தது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாத காலம். இதைவிட நல்ல ஆய்வுகூடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திராது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை, ஆகவே ஆய்வுக்கு உட்பட்டவர்கள் தப்பியோட வழியும் இல்லை. ஒரு மெழுகுதிரி, ஐந்து பேர்: அம்மம்மா, சித்தப்பா, மச்சாள், அவரின் மகள், நான்.

ஐந்து பேர் என்றதும் முதல் சிக்கல். 52ஐ ஐந்தால் பிரித்தால் ஆளுக்குப் பத்து, மிச்சம் இரண்டு. அந்த இரண்டை யார் எடுப்பது? சாப்பாட்டு மேசையில் மிச்சமான மீன் துண்டை "நீங்க எடுங்கோ, நீங்க எடுங்கோ" என்று தள்ளுவோமே, அதே உபசாரம் இங்கும் நடந்தது. வித்தியாசம், இதில் எல்லோரும் உண்மையாகவே சொன்னார்கள். நாலு பேர் ஆடினால் பிரச்சினை இல்லை, ஆளுக்கு 13. ஒரு கைக்கு 13 கடதாசி அமையக்கூடிய வழிகள் 635,013,559,600. அத்தனை வழி இருந்தும் எனக்கு எப்போதும் ஒரே மாதிரித்தான் அமைகிறது.

ஆட்டம் தொடங்கியதும் ஆய்வின் மையமான உண்மை வெளிப்பட்டது. ஆசும் ராசாவும் முதல் இரண்டு சுற்றில் இறக்கிவிட வேண்டியவை. பிந்தினால், யாரோ வெட்ட, அள்ளுவது நீங்கள்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கியது. எண்பது வயது அம்மம்மாவுக்கு விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன், மனம் வரவில்லை.

"அம்மம்மா, அந்த ராசாவைப் போடுங்கோவன்."

"ராசாவை எப்பிடிப் பிள்ளை எறியிறது? கிடக்கட்டும், பிறகு தேவைப்படும்."

பிறகு தேவைப்படும் என்ற இந்த இரு சொல்லே கழுதையியலின் திறவுகோல். மேசைக்குப் பின்னால் நின்ற அல்மாரியைத் திறந்து பார்த்தேன். நாலாய் மடித்த சொப்பிங் பைகள். கழுவிக் கவிழ்த்த யோகட் கோப்பைகள். பிஸ்கட் டின்னுக்குள் நூல்கட்டை. இரண்டு தயிர் முட்டி. 1995இல் பூட்டிவிட்டு வந்த யாழ்ப்பாணத்து வீட்டின் திறப்பு. அந்தக் கதவு இப்போது இல்லை. எதையும் எறியாத ஒரு குலத்துக்கு, எறிந்தால்தான் பிழைக்கலாம் என்று ஓர் ஆட்டத்தைக் கொடுத்தவர் யாரோ, அவர் எங்களை நன்றாக அறிந்தவர்.

ஒப்பீட்டுக்காகக் கொட்டாஞ்சேனைக்கும் போனேன். சாந்த லூசியா பேராலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பெரியம்மா வீடு. அங்கே தோற்றவர் வாசலில் நின்று மூன்று தரம் கத்தவேண்டும் என்பது பாடபேதம். வெள்ளவத்தையில் கீழ் மாடிக்காரர் முறைப்பாடு செய்வார் என்பதால் கத்தல் கைவிடப்பட்டு, தேத்தண்ணிக் கோப்பை கழுவும் தண்டனையாகத் திரிந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையார் கடகடவென்று எறிகிறார்கள். காரணம் பக்கத்திலுள்ள புளூமெண்டால் வீதியாக இருக்கலாம். ஒல்லாந்தர் வைத்த பெயர், பூப்பள்ளத்தாக்கு என்று பொருள். பின்னாளில் கொழும்பின் குப்பை மலை எழுந்தது அங்கேதான். ஒரு நகரம் முழுக்கத் தன் கையைக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு ராசா பெரிதா?

உண்மைக் கழுதைகளைப் பார்க்க மன்னாருக்குப் போகவேண்டும். அங்கே அவை தெருவில் தம் பாட்டுக்குத் திரிகின்றன, அவற்றுக்கென ஒரு வைத்தியசாலைகூட உண்டு. சித்தப்பா அன்று ஒரே இரவில் நாலு தரம் கழுதையானவர். இதைக் கேட்டதும், தன்னை அங்கே அனுப்பச் சொன்னார்.

ஆய்வின் ஒரு குறைபாட்டை நேர்மையாகச் சொல்லவேண்டும். எங்கள் கட்டில் 51தான். உருவிதன் ஏழு எப்போதோ தொலைந்துபோக, அம்மம்மா பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி, சிவப்புப் பேனையால் ஏழு புள்ளி போட்டு வைத்திருக்கிறார். மற்றவற்றைவிடத் தடிப்பு, முதுகில் பசுமாட்டின் ஒரு காது. அது யார் கையில் இருக்கிறது என்பது மேசைக்கே தெரியும். புதுக் கட்டு வாங்குவோம் என்றால், "இது நல்லாத்தானே கிடக்கு" என்கிறார். ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம்: உங்கள் வீட்டிலும் குறைபட்ட கட்டு ஒன்று, எறியப்படாமல், ஏதாவது லாச்சிக்குள் கிடக்கும். அதில் உருவிதன் ஏழு இருந்தால் அனுப்பிவையுங்கள். முதுகு நீல நிறமாக இருந்தால் நல்லது.